பீத்தோவனின் நண்பர்

1841-ம் வருஷத்தில் பாரிஸ் நகரத்துச் சங்கீத சபைகளில் ஒரு ஜெர்மானியக் கனவான் அடிக்கடி தென்பட்டார். நெட்டையான, ஒல்லியான உருவம், கறுப்பு உடுப்பு, கழுத்திலே வெள்ளைத் துணி. அவருடைய விஸிட்டிங் கார்டில் பெயருக்குக் கீழே "பீத்தோவனின் நண்பர்" என்று பிரெஞ்சு பாஷையில் அச்சிட்டிருந்ததாகக் கவிஞர் ஹைனே ஒரு பத்திரிகைக் கடிதத்தில் எழுதினார். எழுதி, ஐரோப்பா முழுவதும் சிரிக்கும்படி செய்துவிட்டார். ஹைனே பரிகாசத்தில் மன்னர். நல்ல சிரிப்பு ஒன்று கிடைக்குமானால் இல்லாத கார்டையும் அச்சடித்துவிடக் கூடியவர். ஆகவே அவர் வார்த்தையையும் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொண்டுதான் கேட்க வேண்டும். ஆனால் கார்டு இருந்ததோ இல்லையோ, அந்தக் கனவான் தம் ஆயுளில் பிற்பகுதி முழுவதையும் அந்த ஒரே பட்டத்தை வைத்துக்கொண்டுதான் கழித்தார் என்பது வாஸ்தவம்.

அவர் பெயர் அந்தோன் ஷிண்ட்லர். 1840-ல் பீத்தோவனுடைய ஜீவிய சரித்திரத்தை எழுதி வெளியிட்டார். அடுத்த நூறு வருஷங்களுக்கும் மேலாக, அந்தச் சங்கீத மேதையைப் பற்றி உலகம் நம்பியவற்றில் ஒரு பெரும் பகுதி இவர் வாய்மொழிதான். பீத்தோவனின் ஐந்தாவது சிம்பனியின் தொடக்கத்தில் வரும் நாலு ஸ்வரங்களை "விதி வந்து கதவைத் தட்டும் ஓசை" என்று நேயர்கள் எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கலாம். அதைப் பீத்தோவனே தம்மிடம் சொன்னதாகச் சொன்னவர் ஷிண்ட்லர். பீத்தோவனிடம் நேரே பியானோ கற்ற செர்னியோ, வியன்னா நகரத்துப் பூங்காவில் கூவிய ஒரு மஞ்சள் குருவியிடமிருந்து அந்த ஸ்வரங்கள் கிடைத்தன என்று சொல்லியிருக்கிறார். விதியா, குருவியா? உலகம் விதியைத்தான் தேர்ந்தெடுத்துக்கொண்டது. குருவிக்கு அவ்வளவு கம்பீரம் போதாது போலும்!

ஒரு பெரியவர் மறைந்துவிட்டால், அவரோடு இருந்தவர்களைத்தான் நாம் போய்க் கேட்கிறோம். வேறு யாரைக் கேட்பது? கூட இருந்து பார்த்தவன் சொல்வதற்கு மேல் சாட்சி ஏது என்று நினைப்பதும் இயல்பே. பீத்தோவனைச் சுற்றியிருந்தவர்களின் கதையைப் பார்த்தால், இந்த நினைப்பை எவ்வளவு தூரம் வைத்துக்கொள்ளலாம் என்பது தெரியவரும்.

காது கேளாதவரின் குறிப்பேடுகள்

லுட்விக் வான் பீத்தோவன் ஜெர்மனியில் பான் நகரத்தில் 1770-ல் பிறந்தவர். 1792-ல் வியன்னாவுக்கு வந்து, 1827-ம் வருஷம் மார்ச்சு மாதம் 26-ந் தேதி மாலையில் அங்கேயே காலமானார். முப்பது பிராயம் ஆவதற்குள்ளேயே அவருக்குக் காது மந்தமாகத் தொடங்கிவிட்டது. 1818-ம் வருஷத்திலிருந்து அவரைக் காண வந்தவர்கள் பேச வேண்டியதைக் குறிப்பேட்டில் பென்சிலால் எழுதிக் காட்டத் தொடங்கினார்கள். அவர் அதைப் படித்துவிட்டு வாயால் பதில் சொல்வார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். எழுதியவர்கள் மற்றவர்கள், பீத்தோவன் பேசினார். ஆகவே குறிப்பேட்டில் இருப்பது பெரும்பாலும் ஒரு பக்கத்துப் பேச்சுத்தான். அடுத்த அறையில் ஒருவர் டெலிபோனில் பேசுவதை நாம் கேட்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி தெரியும், பதிலை ஊகிக்க வேண்டும். காப்பிக் கடையில் பக்கத்து மேஜைக்காரர் காதில் விழக்கூடாது என்று தோன்றினால் மட்டும் பீத்தோவனும் எழுதினார். மற்றபடி அவர் கையெழுத்தில் இருப்பவை சாமான் ஜாபிதாக்கள், புஸ்தக விளம்பரங்கள், காலி வீடுகளின் விலாசங்கள், கணக்குகள்.

இப்படிப்பட்ட ஏட்டில் இல்லாத ஒரு கேள்வியை யாராவது பின்னால் எழுதிச் சேர்த்துவிட்டால், இல்லாத ஒரு பதிலும் தானாகவே உண்டாகிவிடும் அல்லவா? "நீங்கள் சொன்னபடி இந்த ராகபாவத்தை நான் புரிந்துகொண்டேன்" என்கிற தோரணையில் ஒரு வரி போதும். பீத்தோவன் எதையோ சொல்லியிருக்கிறார் என்று படிப்பவர் முடிவு கட்டிவிடுவார். செத்தவர் வாயில் வார்த்தையைப் போடுவதற்கு இதைவிடச் சௌகரியமான சாதனம் கிடையாது.

அந்தக் குறிப்பேடுகள் ஷிண்ட்லரிடம் வந்து சேர்ந்தன. பீத்தோவனின் பால்ய சிநேகிதரும், பிற்காலத்தில் அவருடைய காரியங்களைக் கவனித்தவருமான ஸ்டெபான் வான் பிராய்னிங் அவற்றைத் தம்மிடம் ஒப்படைத்ததாக ஷிண்ட்லர் சொன்னார். பிராய்னிங், பீத்தோவன் இறந்த சுமார் இரண்டு மாதத்துக்கெல்லாம் தாமும் இறந்துவிட்டார். ஆகவே அதற்கும் சாட்சி ஷிண்ட்லர்தான்.

சம்பளமில்லாத காரியதரிசி

ஷிண்ட்லர் மொரேவியா நாட்டிலிருந்து வியன்னாவுக்கு வந்தவர், 1795-ல் பிறந்தவர். பிடில் வாசிப்பார். ஒரு வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்துவிட்டு 1822-ல் ஒரு நாடகக் கொட்டகையின் வாத்திய கோஷ்டியில் முதல் பிடில்காரர் ஆனார். அதை ஒட்டித்தான் அவர் பீத்தோவனுடைய வீட்டில் நெருங்கிப் பழகத் தொடங்கினார். கடிதம் எழுதுவது, பதிப்பாளரைப் பார்ப்பது, வேலைக்காரியைத் திட்டுவது, வீடு தேடுவது முதலிய சகல காரியங்களையும் சம்பளம் வாங்காமல் செய்தார்.

பீத்தோவன் இவரை எப்படி நடத்தினார் என்று கேட்டால் பரிதாபமாகத்தான் இருக்கிறது. "பாப்பகேனோ" என்று இவருக்குப் பெயர் வைத்திருந்தார். மோஸார்ட்டின் நாடகம் ஒன்றில் வரும் பறவை வேடன் அவன். பொய் சொன்னதற்காக வாய்க்குப் பூட்டுப் போடப்பட்டவன்! வெளியே போய் எதையும் உளற வேண்டாம் என்று கடிதத்திலே எச்சரிக்கும்போது பீத்தோவன் இந்தப் பெயரைப் பிரயோகித்தார். கேலிக்கு வைத்த பெயர் இவ்வளவு பொருத்தமாக அமையும் என்று அவரே நினைத்திருக்க மாட்டார்.

1824-ம் வருஷம் மே மாதம் 7-ந் தேதி ஒன்பதாவது சிம்பனி அரங்கேறியது. சபை ஆரவாரித்தது, ஆனால் செலவு போகக் கையில் மிஞ்சியது 420 புளோரின்தான் என்பது ஷிண்ட்லர் தரும் கணக்கு. வசூலில் மோசடி செய்துவிட்டதாகப் பீத்தோவன் அவர் மேலேயே பாய்ந்தார். மோசடி ஏதும் நடந்ததற்கு ஆதாரம் இல்லை. இந்த ஒன்றிலே ஷிண்ட்லர் நிரபராதி என்றே நாம் கருதுகிறோம். ஆனால் சிநேகம் முறிந்தது. உம்மால் எனக்கு ஒரு பெரிய தீங்கு நேரப் போகிறதென்று உள்ளூர ஒரு பயம் இருக்கிறது என்ற கருத்துப்படப் பீத்தோவன் அவருக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. அதன் பிறகு கார்ல் ஹோல்ஸ் என்ற வாலிபப் பிடில்காரர் அந்த ஸ்தானத்துக்கு வந்தார். 1826 டிசம்பரில், பீத்தோவன் சாகப் போகும் நோயாளியாகப் படுத்த பிறகே ஷிண்ட்லர் மறுபடி அந்த வீட்டுப் படி ஏறினார். கடைசி நாட்களில் அவர் செய்த சிசுருஷை உண்மையானது. அதை யாரும் மறுக்க முடியாது.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் நெருங்கிய பழக்கம் இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் அதிகமாகத் தேறும். ஷிண்ட்லரின் நூலிலோ அது 1814-ல் தொடங்குகிறது.

1846-ல் அவர் குறிப்பேடுகளைப் பெர்லின் ராஜாங்கப் புஸ்தகசாலைக்குக் கொடுத்தார். பணமும், ஆயுள் உள்ளவரை வருஷாவருஷம் உபகாரத் தொகையும் பெற்றுக்கொண்டார். இன்று எஞ்சியிருப்பவை சுமார் 140 குறிப்பேடுகள். முதலில் 400 இருந்தன என்றும், தமக்குப் பிடிக்காதவற்றை அவர் எரித்துவிட்டார் என்றும் நெடுநாள் ஒரு பேச்சு உண்டு. பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்களில் சிலர் அந்த 400 என்ற எண்ணையே நம்பவில்லை. எரித்தாரோ இல்லையோ, வேறொன்று செய்தார். அது ரொம்ப நாள் கழித்துத்தான் வெளிப்பட்டது.

பீத்தோவன் காலமாகி 150 வருஷம் நிறைந்த 1977-ல் கிழக்குப் பெர்லினில் ஓர் ஆராய்ச்சி மகாநாடு நடந்தது. குறிப்பேடுகளை அச்சுக்குத் தயார் செய்துகொண்டிருந்த டாக்மார் பெக், கிரிட்டா ஹெர்ரே என்ற இரு பெண்மணிகள் அங்கே ஓர் அறிக்கை வாசித்தார்கள். ஷிண்ட்லரின் கையில் உள்ள குறிப்புகளில் 150-க்கு மேற்பட்டவை பீத்தோவன் இறந்த பிறகு எழுதப்பட்டவை என்பது அதன் சாராம்சம். அதே வருஷம் பீட்டர் ஸ்டாட்லன் என்பவர் இங்கிலாந்தில் தனியாக இதே விஷயத்தைப் பற்றி எழுதினார்.

எப்படிக் கண்டுபிடித்தார்கள்? நம் நாட்டுச் சுவடிகளில் இடைச்செருகலைத் தேடும் பண்டிதர்கள் செய்வது போலத்தான். பேச்சு நடக்கும்போது எழுதுகிறவன் பக்கத்தை வரிசையாக நிரப்பிக்கொண்டு போவான். ஷிண்ட்லரின் வரிகளோ பிறர் விட்ட காலி இடங்களில், பக்கத்தின் அடியில், ஏற்கனவே எழுதியிருந்ததைச் சுற்றி வளைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. முன்னால் உள்ள பேச்சுக்கும் பின்னால் உள்ளதற்கும் அவற்றோடு சம்பந்தமே இல்லை. அவர் பீத்தோவனோடு பழகியே இராத 1819, 1820-ம் வருஷத்துக் குறிப்பேடுகளிலும் அவர் வந்து அளவளாவிக்கொண்டிருந்தார். இதையெல்லாம் நூறு வருஷமாக எத்தனையோ பேர் படித்திருக்கிறார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தார்களேயொழிய, எங்கே எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை.

எதற்காக எழுதினார்? இதுதான் சுவாரஸ்யமான இடம். அவற்றில் பணம் காசு விஷயம் எதுவும் இல்லை. பீத்தோவனுடைய ஸோனாட்டாக்களை என்ன காலப்பிரமாணத்தில் வாசிக்க வேண்டும், ஒரு ஸோனாட்டாவில் இரண்டு தத்துவங்கள் எப்படி மோதுகின்றன என்பன போன்றவற்றில் ஷிண்ட்லருக்குத் திடமான அபிப்பிராயங்கள் இருந்தன. 1840-ல் நூல் வந்ததும் பலர் ஆட்சேபித்தார்கள். விரல் வேகத்தைக் காட்டும் புதிய பியானோ வித்வான்கள் குருநாதரின் இசையைக் கெடுக்கிறார்கள் என்பது அவருடைய மனப்புழுக்கம். அதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டவர்களுக்குக் காட்ட, குருநாதருடைய ஏட்டிலேயே ஆதாரத்தை உண்டாக்கினார் என்று தோன்றுகிறது. தாம் சொல்வது சத்தியம் என்று அவர் பூரணமாக நம்பியும் இருக்கலாம். அப்படிப்பட்ட சாட்சிதான் எல்லாரையும்விட ஆபத்தானவர்.

விளைவுகளில் சில வேடிக்கையானவை. மெட்ரோனோம் என்ற தாளக் கருவியைச் செய்த மேல்ஸெலைக் கேலி செய்து பீத்தோவன் 1812-ல் ஒரு சிறு பாட்டு இயற்றினாராம். எட்டாவது சிம்பனியின் இரண்டாம் பகுதி அதிலிருந்து பிறந்ததாம். ஷிண்ட்லர் வெளியிட்ட இந்தப் பாட்டு பீத்தோவன் கிருதிகளின் ஜாபிதாவிலே இடம் பெற்று நூறு வருஷத்துக்கு மேல் வீற்றிருந்தது. 1812-ல் அந்தக் கருவிக்கு அந்தப் பெயரே வைக்கப்படவில்லை! பாட்டுக்கு அரணாகக் குறிப்பேட்டில் காணப்பட்ட வரிகளும் போலிகளே. சிம்பனியைக் கேட்டுவிட்டு ஷிண்ட்லர்தான் பாட்டை இயற்றியிருக்க வேண்டும் என்பது இப்போதைய முடிவு.

சில விளைவுகள் வேடிக்கையானவை அல்ல.

மரணப் படுக்கையும் மருமானும்

பீத்தோவனுக்குக் கார்ல் என்று ஒரு தம்பி மகன். 1806-ல் பிறந்தவன். தகப்பன் 1815-ல் இறந்ததும், பையன் யாரிடம் வளர்வது என்று அவன் தாயாருக்கும் பெரியப்பாவுக்கும் வியாஜ்யம் மூண்டு 1820 வரை நடந்தது. பீத்தோவன் ஜெயித்தார். ஜெயித்த பிறகு அவர் காட்டிய அன்பு மூச்சு விட முடியாத அன்பாக இருந்தது. 1826 கோடையில் அந்தப் பிள்ளை துப்பாக்கியால் தன்னைச் சுட்டுக்கொண்டான்; பிழைத்தான்; பிறகு பட்டாளத்தில் சேர்ந்து 1827 ஜனவரியில் வியன்னாவை விட்டுப் போனான். பெரியப்பாவை அப்புறம் அவன் பார்க்கவில்லை.

1826 டிசம்பரில் பீத்தோவன் நோயோடு ஊர் திரும்பினார் அல்லவா? அப்போது வைத்தியரை அழைத்து வரும் பொறுப்புக் கார்லிடம் இருந்ததாம். அவன் பில்லியர்டு ஆடப் போய், அங்கிருந்த ஆட்டக் கணக்கு வைக்கும் ஆளிடம் வைத்தியருக்குச் சொல்லி அனுப்பிவிட்டு ஆட்டத்தில் இருந்துவிட்டானாம். அந்த ஆள் மறந்துவிட, பல நாட்கள் வைத்தியமின்றிக் கழிந்தனவாம். இப்படி எழுதியவர் ஷிண்ட்லர். மகாமேதையின் சாவுக்கு ஒரு பில்லியர்டு மேஜை காரணம்! படித்தவர்கள் மறக்கக்கூடிய கதையா இது?

வந்து பார்த்த வைத்தியர் வாவ்ருக் தம் குறிப்பில், நோய் கண்ட மூன்றாம் நாள் தாம் அழைக்கப்பட்டதாக எழுதி வைத்திருக்கிறார். முதலில் சொல்லியனுப்பிய வைத்தியர்கள் வரவில்லை என்பதும், ஹோல்ஸ் முயன்று வாவ்ருக்கை வரவழைத்தார் என்பதும் ஷிண்ட்லர் காப்பாற்றி வைத்த அதே குறிப்பேடுகளிலிருந்து தெரிகின்றன. பில்லியர்டு மேஜைக்கு அங்கே இடமில்லை. ஆனால் கார்ல் எந்தப் புஸ்தகமும் எழுதவில்லை. 1858-ல் அவர் இறந்தபோது, நன்றி கெட்ட மருமான் என்ற பெயர் அவருக்கு உலகத்தில் நிலைத்துவிட்டது. பீத்தோவனுக்காகப் பேச நூறு பேர் இருந்தார்கள். இந்தப் பிள்ளைக்காக வாதாட ஒருவரும் இல்லை. நாம் ஷிண்ட்லரின் பாட்டையும் தத்துவத்தையும் மன்னித்துவிடலாம். இதை மன்னிப்பது சிரமம்.

ஹோல்ஸையும் அவர் விடவில்லை. பீத்தோவனைக் குடிப் பழக்கத்தில் இழுத்துவிட்டவர் என்று எழுதினார். காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். 1826 ஆகஸ்டில் பீத்தோவன் தம் கைப்பட ஒரு காகிதம் எழுதி, தம் சரித்திரம் வெளிவர வேண்டிய பொறுப்பை ஹோல்ஸுக்குக் கொடுத்திருக்கிறார். மரணப் படுக்கையில் அந்தப் பொறுப்பு பிராய்னிங்குக்கும் தமக்கும் வந்ததாக ஷிண்ட்லர் சொன்னார். காகிதம் ஒரு பக்கம். காதில் விழுந்த வார்த்தை மறுபக்கம்.

இன்னொரு காகிதத்தையும் சொல்ல வேண்டும். பீத்தோவன் இறந்த மறுநாள், அவர் வைத்திருந்த பாங்கிப் பங்குப் பத்திரங்களை நண்பர்கள் தேடினார்கள். ரகசிய அறை ஒன்றில் அவை கிடைத்தன. கூடவே, பெயர் குறிப்பிடாத ஒரு பெண்ணுக்குப் பீத்தோவன் எழுதிய உருக்கமான காதல் கடிதமும் கிடைத்தது. ஷிண்ட்லர் அதை வைத்துக்கொண்டார். 1840-ல் வெளியிட்டபோது, அது ஜூலியெத்தா குயிச்சார்டி சீமாட்டிக்கு 1806-ல் எழுதப்பட்டது என்று தீர்ப்பளித்தார். கடிதத்தில் "ஜூலை 6, திங்கட்கிழமை" என்று இருக்கிறது, வருஷம் இல்லை. 1806-ல் ஜூலை 6-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை. அந்தச் சீமாட்டியோ 1803-லேயே வேறொருவரை மணந்துவிட்டாள். கடிதம் 1812-ல் தெப்ளிட்ஸ் என்ற ஸ்நானத் தலத்தில் எழுதப்பட்டது என்பது இப்போது ஏறக்குறைய எல்லாருக்கும் சம்மதம். அந்த வருஷம் ஜூலை 6 திங்கட்கிழமைதான். ஒரு பஞ்சாங்கத்தைப் புரட்டியிருந்தால் போதும்!

ஆனால் இதிலும் ஷிண்ட்லர் வெறுங் கற்பனை செய்யவில்லை. 1823-ல் ஒரு பொது இடத்தில் குயிச்சார்டியைப் பற்றிப் பேச்சு வந்தபோது, பிறர் அறியாமலிருக்கப் பீத்தோவன் பிரெஞ்சு பாஷையில் குறிப்பேட்டில் எழுதிப் பதில் சொன்னார். தம்மை அவள் மிகவும் நேசித்ததாகச் சொன்னார். அந்தப் பக்கம் அசல். எதிரே உட்கார்ந்திருந்தவர் ஷிண்ட்லர். நிஜமாகக் கேட்ட ஒரு வார்த்தையிலிருந்து கேளாத ஒரு முடிவுக்குத் தாவினார். பழகியவர்களின் சாட்சியில் பெரும்பாலும் இப்படித்தான். ஒரு முனையைப் பிடித்துப் பார்த்தால் உண்மை இருக்கும்.

மற்றச் சாட்சிகள்

பெர்டினாண்ட் ரீஸ் என்பவர் பீத்தோவனுடைய வாலிப காலத்துச் சிஷ்யர். பான் நகரத்து நண்பர் வேகலரோடு சேர்ந்து அவர் எழுதிய நினைவுகள், அவர் காலமான 1838-ம் வருஷத்திலேயே வெளிவந்தன. மூன்றாவது சிம்பனிக்குப் பீத்தோவன் நெப்போலியன் போனபார்ட்டின் பெயரை வைத்திருந்தார். போனபார்ட் தன்னைச் சக்கரவர்த்தி என்று பிரகடனம் செய்துகொண்டதைக் கேட்டதும், ஆத்திரத்தில் முகப்பு ஏட்டைக் கிழித்துத் தரையில் எறிந்தார் என்ற கதை அவருடையது. இன்று வியன்னாவில் இருக்கும் பிரதியில் முகப்பு ஏடு கிழியவில்லை. ஆனால் போனபார்ட்டின் பெயர் இருந்த இடத்தை அழுத்திச் சுரண்டியதில் காகிதத்தில் ஓட்டையே விழுந்திருக்கிறது. ரீஸ் பார்த்தது வேறு ஒரு பிரதியாக இருக்கலாம். முப்பது வருஷத்தில் சுரண்டல் கிழிசலாக வளர்ந்தும் இருக்கலாம். கோபம் நிஜம் என்பதற்கு ஓட்டை சாட்சி. கோபம் உடனே தீர்ந்துவிட்டதா என்பது வேறு. 1804 ஆகஸ்டில் பதிப்பாளருக்கு எழுதிய கடிதத்தில் பீத்தோவனே அந்தச் சிம்பனியின் உண்மைப் பெயர் போனபார்ட் என்று குறிப்பிடுகிறார்!

ரீஸை நாம் பொதுவாக நம்புவதற்கு ஒரு காரணம் உண்டு. அதே சிம்பனியின் ஒத்திகையில் கொம்பு வாத்தியக்காரர் தப்பான இடத்தில் புகுந்துவிட்டார் என்று ரீஸ் கூவினாராம். பீத்தோவன் வேண்டுமென்றே அமைத்த இடம் அது. குருவின் கையால் கன்னத்தில் அறை வாங்கத் தெரிந்தேன், வெகுநாள் அவர் என்னை மன்னிக்கவில்லை என்கிறார் ரீஸ். தம் அசட்டுத்தனத்தைத் தாமே சொல்கிறவர் ஜோடனை செய்கிறவராக இருப்பது அபூர்வம். ஷிண்ட்லரின் நூலில் ஷிண்ட்லர் அசடு வழியும் இடம் எங்கே இருக்கிறது?

அன்செல்ம் ஹுட்டன்பிரன்னர் கதை இன்னும் விசித்திரம். பீத்தோவன் உயிர் பிரிந்தபோது ஷிண்ட்லரும் பிராய்னிங்கும் கல்லறைக்கு இடம் பார்க்கப் போயிருந்தார்கள். அறையில் இருந்தவர்கள் ஹுட்டன்பிரன்னரும் ஒரு ஸ்திரீயும்தான். அந்த ஸ்திரீ யார் என்பதே இன்னும் தகராறு. வெளியே பெரிய இடியும் மின்னலும் உண்டாயிற்றென்றும், பீத்தோவன் கண்ணை விழித்து, வலது கையை முஷ்டி பிடித்து உயர்த்தினார், பிறகு கை விழுந்தது என்றும் அவர் 1860-ல் எழுதினார். முப்பத்து மூன்று வருஷம் கழித்து எழுதியது. நாடக பாணியில் அமைந்தது. கேட்டவுடன் சிரிக்கத்தான் தோன்றும். ஆனால் அன்று மாலை வியன்னாவில் இடி மின்னலோடு புயல் அடித்தது என்பதை வான்நிலைப் பதிவுகள் உறுதி செய்கின்றன. முஷ்டியை உறுதி செய்ய எந்தப் பதிவும் கிடையாது.

ஹுட்டன்பிரன்னர் இதை எழுதியது அலெக்ஸாண்டர் வீலாக் தேயர் என்ற அமெரிக்கருக்கு. ஷிண்ட்லரின் நூலையும் ரீஸ்-வேகலர் நூலையும் படித்துவிட்டு, இரண்டும் ஒன்றோடொன்று முரண்படுவது கண்டு உறங்காத மனிதர் இவர். சட்டம் படித்தவர். 1849-ல் ஐரோப்பாவுக்கு வந்து, உயிரோடிருந்த சாட்சிகளை ஊர் ஊராகத் தேடிப் பிடித்துக் குறுக்கு விசாரணை செய்தார். அவர்கள் சொன்னதை நீதிமன்றப் பதிவு, ஞானஸ்நானப் புஸ்தகம், பத்திரிகை விளம்பரம், ரசீது முதலியவற்றோடு ஒத்துப் பார்த்தார். திரியெஸ்த் நகரத்தில் அமெரிக்கக் கான்ஸலாக உத்தியோகம் பார்த்துக்கொண்டே 1866, 1872, 1879 ஆகிய வருஷங்களில் மூன்று பாகங்கள் வெளியிட்டார். 1816-ம் வருஷம் வரை கதை வந்தது. அதற்கு மேல் அந்த வேலையில் உட்கார்ந்தாலே தலைவலி பிடித்துக்கொண்டது. முடிக்காமலே 1897-ல் காலமானார்.

அந்தத் தேயரே ஷிண்ட்லரைப் பற்றி என்ன நினைத்தார் தெரியுமா? யோக்கியர், ஞாபகசக்திதான் மோசம் என்று நினைத்தார். நூலில் பிழை இருக்கலாம் என்று அவருக்குத் தெரிந்தது; ஏட்டிலே கை வைத்திருப்பார் என்று தோன்றவில்லை. பின்னால் வந்தவர்கள் அவரை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியவில்லை. குறிப்பேடுகளைப் பாதுகாத்தவர் அவர். பல இடங்களில் எந்தக் கையெழுத்து யாருடையது என்று ஓரத்தில் குறித்து வைத்தவரும் அவர். கடைசி மாதங்களில் அந்த அறையில் அவர் இருந்தது நிச்சயம். ஆகவே இன்றும் அறிஞர்கள் ஷிண்ட்லரை வரி வரியாகச் சலித்து எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

வார்த்தைச் சாட்சி இப்படியென்றால், வஸ்துச் சாட்சியாவது சரியாக இருக்குமா? பீத்தோவனின் உடல் வீட்டில் கிடந்த நாட்களில், வந்தவர்களெல்லாம் ஞாபகார்த்தமாக அவர் தலைமயிரைக் கத்தரித்துக்கொண்டு போனார்கள். பிராய்னிங்கின் புதல்வர், அப்போது பதின்மூன்று வயதுச் சிறுவர், தமக்கென்று கேட்கப் போனபோது மிச்சமே இல்லையாம். 15 வயது பெர்டினாண்ட் ஹில்லர் கத்தரித்ததாகச் சொல்லப்பட்ட ஒரு கற்றை, கண்ணாடிச் சட்டத்துக்குள் அடைபட்டு, 1994-ல் லண்டன் ஏலத்தில் அமெரிக்கர்கள் கைக்கு வந்தது. அதைச் சோதித்து, ஈயம் அதிகம் இருக்கிறது, ஈய நஞ்சுதான் நோய்க்குக் காரணம் என்று பிரசித்தம் செய்தார்கள். 2023-ல் மரபணுச் சோதனை செய்தபோது அது ஒரு பெண்ணின் மயிர் என்று தெரிந்தது! ஹில்லர் பொய் சொன்னார் என்பதல்ல. கை மாறிய வழியில் எங்கேயோ கற்றையும் மாறிவிட்டது. அதே ஆராய்ச்சியில் சோதித்த எட்டுக் கற்றைகளில் ஐந்து ஒரே மனிதருடையவை, பீத்தோவனுடையவை என்று முடிவாயிற்று. கல்லீரல் நோய்க்கான பரம்பரைக் கூறும், மஞ்சள் காமாலை வகையைச் சேர்ந்த ஹெபடைடிஸ்-பி கிருமியின் தடயமும் அவற்றில் தெரிந்தன. 2024-ல் அந்த அசல் கற்றைகளில் இரண்டைச் சோதித்தார்கள். அவற்றிலும் ஈயம் மிகுதியாகவே இருந்தது. ஆனால் அது மட்டுமே உயிரை வாங்கப் போதாது என்பது சோதித்தவர்களின் கருத்து.

அந்த ஐந்து கற்றைகளில் ஒன்றின் வரலாறு பீத்தோவன் உயிரோடிருந்த 1826-ம் வருஷத்தைச் சேர்ந்தது. அந்தோன் ஹால்ம் என்ற பியானோ வித்வானின் மனைவி, பீத்தோவனின் மயிர் கொஞ்சம் வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அவரைச் சுற்றியிருந்த நண்பர்கள் மூலம் கேட்டனுப்பியதில் ஒரு கற்றை வந்து சேர்ந்தது. அது வெள்ளாட்டுத் தாடி என்று சில நாளில் தெரிந்தது. விஷயம் காதுக்கு எட்டியதும் பீத்தோவனுக்குக் கோபம் வந்துவிட்டது. ஹால்ம் அடுத்த முறை வந்தபோது, தம் கையாலேயே தலையின் பின்புறத்திலிருந்து மயிரைக் கத்தரித்து, காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். ஹால்ம் இதைப் பிற்காலத்தில் தேயரிடம் சொன்னார். அந்தக் கற்றையும் தேயரிடம் போய்ச் சேர்ந்தது.